நியாண்டர்தால் எலும்பும் குடியிருப்பும்: புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நியாண்டர்தால் மனிதரின் எலும்பு எங்காவது கிடைத்தால் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். "குகையில் வாழ்ந்த ஆதி மனிதன்" என்று தலைப்பு, பக்கத்திலேயே தாடி வைத்த ஒரு முகத்தின் ஓவியம். அந்த மனிதர் உண்மையிலேயே அந்தக் குகையில் வாழ்ந்தாரா என்பதை மட்டும் செய்தி சொல்லாது. அவர் இரண்டு இரவு தங்க வந்த கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம். வெளியே இறந்து, கழுதைப்புலி இழுத்து வந்து போட்டிருக்கலாம். மேல்தளத்திலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்திருக்கலாம்.

இதையெல்லாம் பிரித்துப் பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. அகழாய்வுக் கட்டுரையையோ அருங்காட்சியகப் பலகையையோ படிக்கும்போது கீழே உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். என் பரிந்துரை: எலும்பின் உருவத்தில் மயங்கிவிடாமல், அது கிடந்த தரையிலிருந்து தொடங்குங்கள்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். நியாண்டர்தால்கள் ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 40,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்தவர்கள். கிழக்கே சைபீரியாவின் அல்தாய் மலைகள் வரை அவர்களுடைய எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நம் நேரடி முன்னோர்களோடு அவர்கள் கலந்ததால், ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர் கொண்ட எல்லா மக்களின் டிஎன்ஏவிலும், நம்முடையதிலும், 2 விழுக்காடு அளவுக்கு அவர்களுடைய பங்கு இருக்கிறது.

1. எங்கே, எந்த மண்ணடுக்கில் கிடந்தது?

முதல் கேள்வியின் அருமையைப் புரிந்துகொள்ள, இந்த இனத்துக்குப் பெயர் தந்த எலும்புகளின் கதையே போதும். 1856இல் ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் அருகே நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர்கள், ஃபெல்ட்ஹோஃபர் என்ற சிறு குகையின் களிமண்ணை அள்ளி வெளியே கொட்டினார்கள். உள்ளே சில எலும்புகள். கரடி எலும்பாக இருக்கும் என்று நினைத்து எடுத்து வைத்தார்கள். யோஹான் கார்ல் ஃபுல்ராட் என்ற பள்ளி ஆசிரியர்தான் அது மனித எலும்பு என்று கண்டுகொண்டார். 1864இல் வில்லியம் கிங் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

ஆனால் எலும்போடு என்னென்ன கற்கருவிகள் கிடந்தன, எந்த விலங்குகளின் எலும்புகள் கிடந்தன, எத்தனை ஆழத்தில் என்று எதையும் யாரும் குறித்துவைக்கவில்லை. சுரங்க வேலையில் குகையே காணாமல் போனது. ஆக, உலகத்திலேயே பேர்பெற்ற நியாண்டர்தால், தான் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பற்றி 140 ஆண்டுகள் கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லாமல் இருந்தார். 1997இலும் 2000இலும் ரால்ஃப் ஷ்மிட்ஸ், யூர்கன் டிஸ்ஸன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் காலத்தில் கொட்டிய மண்ணைத் தேடிக் கண்டுபிடித்துச் சலித்தார்கள். கற்கருவிகள் கிடைத்தன, இன்னொரு நியாண்டர்தாலின் எலும்புகளும் கிடைத்தன. ஒரு சிறு துண்டு, 1856இல் எடுத்த தொடை எலும்போடு அச்சாகப் பொருந்தியது! வயது ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் என்றும் தெரிந்தது.

எனவே எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மண்ணடுக்குகளின் குறுக்குவெட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். எலும்பு எந்த அடுக்கில் இருந்தது, அதே அடுக்கில் வேறென்ன இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தோண்டிய இடங்கள் பலவற்றில் அது இருக்காது. அப்படிப்பட்ட எலும்புகளை உடலமைப்புக்கும் டிஎன்ஏவுக்கும் நம்பலாம். குடியிருப்பைப் பற்றிப் பேச மட்டும் தயங்க வேண்டும்.

2. வயதை எப்படிக் கணித்தார்கள்?

எத்தனை ஆயிரம் ஆண்டு என்ற எண்ணைவிட, எந்த முறையில் என்பது முக்கியம். எலும்பிலும் கரியிலும் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளக்கும் ரேடியோகார்பன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரைதான் எட்டும். நியாண்டர்தால் காலத்தில் பெரும்பகுதி அதற்கு அப்பால் இருக்கிறது. அங்கே மணல் துகள்கள் கடைசியாக வெயில் பட்ட காலத்தைச் சொல்லும் ஒளிர்வு முறை, குகையின் சுண்ணாம்புப் படிவத்துக்கு யுரேனியம்-தோரியம் முறை என்று வேறு வழிகள் உண்டு.

ரேடியோகார்பன் எட்டும் காலத்திலும் ஒரு பொறி இருக்கிறது: மாசு. பெல்ஜியத்தின் ஸ்பீ குகை நியாண்டர்தால்களைச் சில முந்தைய அளவீடுகள் நம்ப முடியாத அளவுக்கு இளையவர்களாகக் காட்டின. 2021இல் தனி அமினோ அமிலத்தைப் பிரித்து மீண்டும் அளந்தபோது 44,000 முதல் 40,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று வந்தது. ஒரு தோள்பட்டை எலும்பில் மாட்டு டிஎன்ஏ இருந்தது. எலும்பைப் பாதுகாக்க முன்பு பூசிய பசை, மாட்டு எலும்பில் செய்தது! குரோவேஷியாவின் விந்தியா குகை எலும்புகளும் இப்படியே மறு அளவீட்டில் வயது கூடியவைதான். "கடைசி நியாண்டர்தால்கள் இங்கேதான் ஒளிந்து வாழ்ந்தார்கள்" என்று 20, 30 ஆண்டுகளுக்கு முன் எழுதியவற்றைப் படிக்கும்போது, அந்த வயது மறுபடி அளக்கப்பட்டதா என்று முதலில் தேடுங்கள்.

3. நியாண்டர்தால்தான் என்பது எப்படித் தெரிந்தது?

முழு மண்டையோடு என்றால் சிக்கல் இல்லை. புருவத்துக்கு மேல் தடித்த எலும்பு வளைவு, பின்தலையில் புடைப்பு, முன்னே தள்ளிய முகம், பெரிய மூக்குத் துவாரம், முகவாய்க்கட்டை இல்லாத தாடை, கடைவாய்ப்பல்லுக்குப் பின்னே ஓர் இடைவெளி. ஆனால் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பல்லோ விரலெலும்போதான். அப்போது டிஎன்ஏவைக் கேளுங்கள். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு சிறு எலும்புத் துண்டு, நியாண்டர்தால் தாய்க்கும் டெனிசோவன் (நியாண்டர்தால்களுக்கு நெருங்கிய இன்னொரு ஆதி மனிதக் குழு) தந்தைக்கும் பிறந்த பெண்ணுடையது என்று 2018இல் தெரிய வந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் அது மனித எலும்பு என்றுகூட அடையாளம் தெரியாது.

கற்கருவியை வைத்து மட்டும் "நியாண்டர்தால்" என்று எழுதியிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். இஸ்ரேலின் கஃப்சே குகையில் நம் இனத்தவர் செய்த கருவிகளும் கெபாரா குகையில் நியாண்டர்தால்கள் செய்த கருவிகளும் ஒரே பெரும் மரபைச் சேர்ந்தவை.

4. எலும்பு அங்கே எப்படி வந்தது?

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் கேள்வி இது. என்னைக் கேட்டால் இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

1939இல் இத்தாலியின் மோன்டே சிர்ச்சேயோவில், குவாத்தாரி குகையில், ஒரு நியாண்டர்தால் மண்டையோடு கிடைத்தது. கற்களால் ஆன வட்டத்துக்குள் இருந்தது, அடிப்பகுதி உடைந்திருந்தது. மூளையை எடுத்துத் தின்னும் சடங்கு நடந்த இடம் என்ற விளக்கம் பாடநூல்கள் வரை போனது. பிறகு எலும்பைக் கூர்ந்து பார்த்தவர்கள் மனிதர் வெட்டிய தடம் எதையும் காணவில்லை. பல் பதிந்த தடங்கள்தான் இருந்தன. அது கழுதைப்புலிகளின் வளை. 2021இல் அதே குகையில் மேலும் 9 பேரின் எலும்புகள் கிடைத்ததாக அறிவித்தார்கள், கழுதைப்புலிகளின் பங்கையும் சேர்த்தே சொன்னார்கள். இத்தனை பேர் கிடைத்ததால் அதை நியாண்டர்தால் குடியிருப்பு என்று சொல்லிவிட முடியுமா? அக்கம்பக்கத்தில் அவர்கள் நடமாடினார்கள் என்பது மட்டும் உறுதி.

ஸ்பெயினின் எல் சித்ரோன் குகை வேறு மாதிரி. 1994இல் கண்டுபிடித்தார்கள், மொத்தம் 13 பேர், ஏறத்தாழ 49,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவர்கள். எலும்புகள் கிடந்த அடித்தளத்தில் யாரும் வாழவில்லை. மேலே எங்கோ இருந்தவை சரிந்து, மண்ணோடும் கருவிகளோடும் உள்ளே விழுந்திருக்கின்றன. எலும்புகளில் வெட்டுத் தடங்கள் உண்டு, மஜ்ஜைக்காக உடைத்தது போன்ற உடைப்புகளும் உண்டு. இங்கே வெட்டியது மனிதக் கைதான்.

மூன்றாவது வகை, வேண்டுமென்றே கிடத்தியது. ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் ஷானிதார் குகையை ரால்ஃப் சொலெக்கி 1951 முதல் 1960 வரை தோண்டி 10 பேரின் எலும்புகளைக் கண்டார். அதில் ஒருவருக்கு வலது கை சூம்பிப் போயிருந்தது, இடது கண்ணருகே பலத்த அடி. அந்தக் காயங்களோடு பல ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறார். யாரோ பார்த்துக்கொண்டார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. இன்னொருவரின் அருகே மகரந்தம் கிடைத்ததால் "மலர் தூவிய அடக்கம்" என்ற கதை பரவியது. வளை தோண்டும் கொறிணிகளும் மண்ணில் கூடு கட்டும் தேனீ வகைகளும் அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். பூவை விட்டுவிடுங்கள், அதைவிடச் சுவையானது இருக்கிறது. 2018இல் அதே மூலையில் புதிதாக ஓர் உடலின் மேல்பாதி கிடைத்தது. ஒரே பெரிய பாறையின் அருகே, ஒருவரையொருவர் ஒட்டிப் பல உடல்கள். எல்லாரையும் ஒரே நாளில் வைக்கவில்லை. அதாவது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

ஆக, இந்தப் படியில் தேட வேண்டியவை: விலங்குப் பல் தடமா, கருவி வெட்டிய தடமா, எலும்புகள் மூட்டோடு பொருந்திய நிலையில் கிடந்தனவா, சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபட்ட நிரப்பு மண்ணோடு குழி இருந்ததா.

5. தரை என்ன சொல்கிறது?

குடியிருப்பு என்ற சொல்லுக்கு உண்மையான சாட்சி அடுப்பும் சாம்பலும் கழிவும்தான். கெபாரா குகையில், 60,000 ஆண்டுகளுக்கு முன், குகையின் நடுப்பகுதியில் அடுப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக எரிந்திருக்கின்றன. தின்றுபோட்ட மான் எலும்புகள் வடக்குச் சுவரோரம் குவிந்திருக்கின்றன. சமைக்க ஓரிடம், குப்பைக்கு ஓரிடம். அதே குகையில்தான் 1983இல் குழிக்குள் கிடத்திய ஓர் ஆணின் எலும்புக்கூடும் கிடைத்தது, பேச்சோடு தொடர்புள்ள நாவடி எலும்பு உட்பட. ஸ்பெயினின் அப்ரிக் ரொமானி பாறை ஒதுக்கில், பின்சுவரை ஒட்டி வரிசையாகச் சிறு அடுப்புகள் இருக்கின்றன. இரவில் குளிர் காய்ந்தபடி படுத்த இடம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. ஒரு மண்ணடுக்கில் 10 அடுப்புகள் இருந்தால் "பெரிய கூட்டம் தங்கியிருக்கிறது" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சத்திரத்துத் திண்ணையில் பல கூட்டங்கள் பல காலத்தில் வந்து படுத்த மாதிரி, அந்த 10 அடுப்புகளும் வெவ்வேறு காலத்தவையாக இருக்கலாம். ரேடியோகார்பனால் 50 ஆண்டு இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது.

இதற்கு 2024இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பெயினின் அல்கோய் ஊரருகே எல் சால்ட் என்ற இடத்தில், ஏறத்தாழ 52,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட 6 அடுப்புகளை எடுத்துக்கொண்டார்கள். நெருப்பு எரியும்போது அடியில் உள்ள மண் சூடாகும். ஆறும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள், அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அதைப் பதிந்து வைத்துக்கொள்ளும். அந்தத் திசை காலப்போக்கில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே இரண்டு அடுப்புகளின் திசைகள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ, அதை வைத்து இடைப்பட்ட காலத்தைக் கணிக்கலாம். கணக்குப் போட்டால் முதல் அடுப்புக்கும் கடைசி அடுப்புக்கும் நடுவே குறைந்தது 200 ஆண்டுகள், அடுத்தடுத்த அடுப்புகளுக்கு நடுவே பல பத்தாண்டுகள். பார்வைக்கு ஒரே முகாம் போல இருப்பது, உண்மையில் பாட்டனும் பேரனும்கூடச் சந்தித்திராத தலைமுறைகள் விட்டுச்சென்றது.

இதைப் படித்த பிறகு "நிரந்தரக் குடியிருப்பு" என்று எங்கே எழுதியிருந்தாலும் நான் ஒருமுறை நின்று யோசிக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

6. எத்தனை பேர் இருந்தார்கள்?

இந்தக் கேள்விக்கு எலும்பு நன்றாகவே பதில் சொல்கிறது, டிஎன்ஏ கிடைத்தால். அல்தாயின் சகிர்ஸ்காயா குகையிலிருந்து 11 பேர், அருகிலுள்ள ஒக்லாத்னிகோவ் குகையிலிருந்து 2 பேர் என 13 பேரின் மரபணுக்களை 2022இல் வெளியிட்டார்கள். சகிர்ஸ்காயாவில் ஒரு தந்தையும் அவருடைய பதின்வயது மகளும் இருந்தார்கள். ஒரே காலத்தில் வாழ்ந்த உறவினர்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிந்த அரிய இடம் அது. கூட்டத்தின் அளவு 10 முதல் 20 பேர் என்று கணித்தார்கள். பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேறு கூட்டத்திலிருந்து வந்தவர்கள். எல் சித்ரோனிலும் தாய்வழி டிஎன்ஏ அதே போக்கைத்தான் காட்டியது: வளர்ந்த ஆண்கள் ஒரே தாய்வழியினர், பெண்கள் வெவ்வேறு வழியினர்.

எலும்பே இல்லாமலும் எண்ணலாம். பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் லெ ரோசெல் என்ற இடத்தில், 80,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட 257 காலடித் தடங்களை 2019இல் வெளியிட்டார்கள். 10 முதல் 13 பேர், பெரும்பாலும் குழந்தைகளும் பதின்வயதினரும். முற்றிலும் வேறு சான்று, ஆனால் எண் அதே அளவில்தான் வந்து நிற்கிறது.

7. எங்கிருந்து வந்தார்கள், எந்தப் பருவத்தில்?

பல் எனாமல் குழந்தைப் பருவத்தில் நாளுக்கு நாள் வளர்ந்து, பிறகு மாறுவதே இல்லை. ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம், அந்தந்த ஊர்ப் பாறைக்கே உரிய தன்மையோடு, நீர் வழியாகவும் உணவு வழியாகவும் பல்லுக்குள் போகிறது. கிரேக்கத்தின் லகோனிஸில் கிடைத்த ஒரு நியாண்டர்தால் பல், அதன் சொந்தக்காரர் குழந்தையாக இருந்தபோது குறைந்தது 20 கிலோமீட்டர் தள்ளி வாழ்ந்தார் என்று காட்டியது. பிரான்ஸின் பேர் என்ற இடத்தில் கிடைத்த 2,50,000 ஆண்டு பழமையான ஒரு குழந்தைப் பல் இன்னும் நுணுக்கமாகப் பேசியது: இளவேனிலில் பிறந்தது, இரண்டரை வயதில் தாய்ப்பால் நின்றது, குளிர்காலங்களில் உடல் நலிந்தது.

கற்கருவியின் மூலப்பாறை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலானவை சில கிலோமீட்டருக்குள் எடுத்தவை. தொலைவிலிருந்து வந்தவை மிகக் குறைவு, அவையும் தேய்ந்து தீரும் வரை பயன்பட்டவை. அன்றாட நடமாட்டம் சிறிய வட்டத்துக்குள்தான். ஆனால் தலைமுறைக் கணக்கில் பார்த்தால் தூரம் வேறு. சகிர்ஸ்காயா மக்களின் மரபணு, 100 கிலோமீட்டர் பக்கத்திலுள்ள டெனிசோவா குகையில் அதற்கு முன்பு வாழ்ந்த நியாண்டர்தாலைவிட, ஐரோப்பிய நியாண்டர்தால்களுக்கே நெருக்கமானது. அவர்களுடைய கருவிகளும் நடு ஐரோப்பாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் உள்ள மரபைப் போன்றவை. பழைய குடிகள் போய், மேற்கிலிருந்து வேறு குடிகள் வந்திருக்கிறார்கள்.

8. எலும்பு இல்லாத இடங்களை என்ன செய்வது?

நியாண்டர்தால் புதைபடிவங்களின் வரைபடத்தைப் பார்த்தால் புள்ளிகள் சுண்ணாம்புக்கல் குகைகளில் குவிந்திருக்கும். எலும்பு அங்கேதான் அழியாமல் தங்கும், ஆய்வாளர்களும் அங்கேதான் அதிகம் தோண்டினார்கள். மக்கள் குகையில் மட்டும் வாழ்ந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஜெர்மனியின் நொய்மார்க்-நோர்ட் ஒரு திறந்தவெளி ஏரிக்கரை. 1,25,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே 70க்கும் மேற்பட்ட நேர்த்தந்த யானைகளை (இப்போது அழிந்துபோன பெரிய யானை இனம்) வெட்டிப் பங்கிட்டிருக்கிறார்கள். ஓர் ஆண் யானையின் இறைச்சி 25 பேருக்கு மூன்று மாதம் வரும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. அப்படியானால் சேமித்து வைத்தார்களா, அல்லது 10, 20 பேரைவிடப் பெரிய கூட்டம் சில நாள் கூடியதா? ஆறாவது படியில் பார்த்த எண்ணோடு இதை மோதவிட்டுப் பாருங்கள். சிறு கூட்டங்கள் அவ்வப்போது ஒன்றுகூடியிருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நொய்மார்க்கில் இந்த முடிவுகளுக்கு அடிப்படை விலங்கு எலும்பும் கல்லும் மகரந்தமும் கரியும்தான்.

இப்போது மண்ணிலிருந்தே டிஎன்ஏ எடுக்கிறார்கள். ஸ்பெயினின் அதபுயெர்காவில், சிலைகளின் கூடம் என்று பெயர்கொண்ட குகைப்பகுதியில், வெறும் மண்ணை வைத்தே ஒரு நியாண்டர்தால் கூட்டம் போய் இன்னொன்று வந்ததை 2021இல் காட்டினார்கள். குளிர்ந்த குகைகளில் இது நன்றாக நடக்கும். வெப்பநாடுகளில் டிஎன்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும்.

நம் பக்கம் இதற்கு நல்ல பயிற்சி, சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கம். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது. ஐரோப்பாவில் நியாண்டர்தால்களோடு சேர்த்துப் பேசும், கல்லை முதலில் வடிவமைத்துவிட்டு வேண்டிய சில்லைப் பெயர்த்தெடுக்கும் லெவல்லுவா செதுக்கு முறையும் அதில் உண்டு. உடனே "தமிழ்நாட்டில் நியாண்டர்தால்" என்று யாராவது எழுதினால், மேலே உள்ள படிகளை ஓட்டிப் பாருங்கள். மண்ணடுக்கு இருக்கிறதா? இருக்கிறது. வயது? ஒளிர்வு முறையில் அளந்தது. யார்? மனித எலும்பு ஒன்றும் அங்கே கிடைக்கவில்லை. தெற்காசியாவிலேயே நியாண்டர்தால் எலும்பு இதுவரை இல்லை. 1982இல் நர்மதைக் கரையின் ஹத்னோராவில் கிடைத்த மண்டையோட்டையும் நியாண்டர்தால் என்று வகைப்படுத்தவில்லை. எனவே அத்திரம்பாக்கத்தில் முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் உண்டு, மூன்றாவது காலியாகவே இருக்கிறது.

அடுத்து, இணையத்தில் கிடைக்கும் முப்பரிமாண மண்டையோட்டு மாதிரிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஷானிதார், எல் சால்ட், சகிர்ஸ்காயா மூன்றையும் இந்த வரிசையிலேயே படியுங்கள். முதலாவதில் எலும்பு அதிகம், இரண்டாவதில் தரை அதிகம், மூன்றாவதில் இரண்டும் டிஎன்ஏவும் சேர்ந்தே கிடைக்கின்றன.